கோல்ஃப் வீச்சில் தோள் தசைகளின் பயன்பாடு

கோல்ஃப் (குழிப்பந்தாட்டம்) விளையாட்டில் மட்டையைப் பின்னே கொண்டு சென்று, திரும்ப வீசிப் பந்தை அடித்து முடிக்கும் முழு அசைவும் வீச்சு எனப்படும். இந்த வீச்சில் தோளைச் சுற்றியுள்ள தசைகளுக்கு மூன்று பணிகள் உள்ளன. உடல் திரும்புவதால் பிறக்கும் ஆற்றலைக் கைகளுக்குக் கடத்துவது ஒன்று. மட்டையின் பாதையைக் காப்பது மற்றொன்று. தோள் மூட்டை அதன் இடத்தில் உறுதியாக வைத்திருப்பது மூன்றாவது.

புதிதாக ஆடத் தொடங்குவோர் பலர், தோளையும் கையையும் இறுக்கி வலுவாக அடித்தால் பந்து தொலைவு செல்லும் என்று எண்ணுகின்றனர். நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. இறுகிய தோள் வீச்சின் வேகத்தைக் குறைப்பதோடு, நாளடைவில் வலிக்கும் காயத்துக்கும் இடம் தருகிறது. எனவே எந்தத் தசை எப்போது உழைக்கிறது என்பதை அறிவது ஆட்டத்துக்கும் உடல்நலத்துக்கும் தேவையானதாகும்.

இக்கட்டுரையில் வலக்கை ஆட்டக்காரரின் வீச்சே விளக்கப்படுகிறது. இவருக்கு இலக்கின் பக்கம் இடது தோள் இருக்கும். இடக்கை ஆட்டக்காரர்கள் இட வலங்களை மாற்றிக் கொள்ள வேண்டும்.

தோளின் அமைப்பு

தோள் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பகுதியில் மூன்று எலும்புகள் சேர்கின்றன. அவை மேற்கை எலும்பு, முதுகுப்புறத்தில் முக்கோண வடிவில் உள்ள தோள்பட்டை எலும்பு, கழுத்துக்குக் கீழே முன்புறம் உள்ள காரை எலும்பு ஆகியவை. மேற்கை எலும்பின் உருண்டையான தலை, தோள்பட்டை எலும்பில் உள்ள ஆழமற்ற குழியில் பொருந்தியிருக்கிறது. இது பந்துக் கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தது.

இடுப்பு மூட்டும் இதே வகைதான். ஆனால் அங்கே கிண்ணம் ஆழமானது. தோளில் கிண்ணம் ஆழம் குறைந்தது என்பதால் கையை ஏறக்குறைய எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிகிறது. இந்தச் சுதந்திரத்துக்கு ஈடாக மூட்டின் உறுதி குறைகிறது. மருத்துவ மாணவர்களுக்கு இம்மூட்டை விளக்கும்போது, டீ எனப்படும் சிறு முளையின் மேல் வைத்த கோல்ஃப் பந்தை உவமையாகச் சொல்வது வழக்கம். முளையின் மேல் பந்து எளிதில் உருளும், எளிதில் விழவும் செய்யும். தோளில் அது விழாமல் பிடித்துக்கொள்வது தசைநார்களும் தசைகளும்தாம்.

வீச்சில் பங்கு கொள்ளும் தசைகள்

தோள் தசைகளை அவை செய்யும் வேலையை வைத்து நான்கு பிரிவுகளாகப் பார்க்கலாம்.

1. வெளியே தெரியும் தசை: தோளின் மேல் உருண்டையாகத் தெரிவது டெல்டாய்ட் தசை. கிரேக்க எழுத்தான டெல்டாவைப் போல் முக்கோண வடிவில் இருப்பதால் இப்பெயர் பெற்றது. கையை முன்னும் பக்கவாட்டிலும் பின்னும் உயர்த்துவது இதன் வேலை.

2. மூட்டைப் பிடிக்கும் தசைகள்: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ் ஆகிய நான்கும் சேர்ந்தது ரொட்டேட்டர் கஃப் என்னும் தசைத் தொகுதி. இவை வெளியே தெரியாதவை. மேற்கை எலும்பின் தலையைக் குழியின் நடுவில் அழுத்திப் பிடிப்பதும், கையை உட்புறமாகவும் வெளிப்புறமாகவும் திருப்புவதும் இவற்றின் பணி.

3. விசை தரும் பெருந்தசைகள்: மார்பின் முன்புறம் உள்ள பெருமார்புத் தசையும், முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து அக்குள் வழியாக மேற்கை எலும்புக்கு வரும் அகன்ற முதுகுத் தசையும் இதில் அடங்கும். இவை உடலின் நடுப்பகுதியைக் கையோடு நேரடியாக இணைக்கின்றன.

4. தோள்பட்டை எலும்பை நகர்த்தும் தசைகள்: கழுத்திலிருந்து நடு முதுகு வரை பரவிய ட்ரப்பீசியஸ், அதன் அடியில் உள்ள ராம்பாய்ட், விலா எலும்புகளில் ரம்பப் பற்களைப் போல் ஒட்டியிருக்கும் செராட்டஸ் ஆகியவை. கணிதப் பாடத்தில் படித்த சரிவகமும் சாய்சதுரமும் முதல் இரண்டின் பெயர்களுக்குள் இருப்பதை மாணவர்கள் கவனிக்கலாம். தோள்பட்டை எலும்பு சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருந்தால்தான் கை தடையின்றிச் சுழலும்.

வீச்சின் ஐந்து கட்டங்கள்

தசைகளின் செயலை ஆராய்வோர் வீச்சை ஐந்து கட்டங்களாகப் பிரிக்கின்றனர்.

பின்வீச்சு: பந்தின் அருகே நிற்கும் நிலையிலிருந்து மட்டை உச்சிக்குச் செல்லும் வரை. மார்பு வலப்புறம் திரும்புகிறது. இடது தோள் தாடையின் கீழ் வருகிறது. இடது கை மார்பின் குறுக்கே செல்கிறது. வலது மேற்கை வெளிப்புறமாகத் திரும்புகிறது.

முன்வீச்சு: உச்சியிலிருந்து மட்டை தரைக்கு இணையாக வரும் வரை. இடுப்பு முதலில் இலக்கை நோக்கித் திரும்ப, மார்பும் தோளும் அதைப் பின்தொடர்கின்றன.

முடுக்கம்: மட்டை தரைக்கு இணையான நிலையிலிருந்து பந்தைத் தொடும் வரை. பெருந்தசைகள் மிகுதியாக உழைப்பது இங்கேதான்.

தொடக்கத் தொடர்வீச்சு: பந்தைத் தொட்டதிலிருந்து மட்டை மீண்டும் தரைக்கு இணையாகும் வரை.

இறுதித் தொடர்வீச்சு: அங்கிருந்து வீச்சு முடியும் வரை. வேகம் பெற்ற கைகளையும் மட்டையையும் பத்திரமாக நிறுத்துவது இக்கட்டத்தில் தசைகளின் வேலை.

தசை மின் பதிவு ஆய்வுகள்

எந்தத் தசை எப்போது இயங்குகிறது என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. தசை சுருங்கும்போது உண்டாகும் நுண்ணிய மின் மாற்றத்தைப் பதிவு செய்து அறிய வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் தலைமையிலான குழுவினர் 1980களில் இந்த முறையைக் கோல்ஃப் வீச்சுக்குப் பயன்படுத்தினர். பேஸ்பால் வீரர் டாமி ஜானின் முழங்கையில் 1974-இல் புதுவகை அறுவை சிகிச்சை செய்து புகழ் பெற்றவர் இந்த ஜோப். ஜாக்குலின் பெர்ரி, மர்லின் பிங்க் ஆகியோரும் இவ்வாய்வுகளில் பங்கு பெற்றனர். மெல்லிய கம்பி மின்முனைகளைத் தசைக்குள் செலுத்தி, அதே வேளையில் வீச்சை அதிவேகப் படமாகவும் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டனர்.

இவர்களின் முடிவுகள் பலரின் எண்ணத்துக்கு மாறாக அமைந்தன.

முதலாவதாக, தோளில் பெரிதாகத் தெரியும் டெல்டாய்ட் தசையின் பங்கு குறைவு. அதன் முன்பகுதி சில கட்டங்களில் மட்டும் இயங்கியது. நடுப்பகுதியும் பின்பகுதியும் பெரிய உதவி எதுவும் செய்யவில்லை.

இரண்டாவதாக, முடுக்கக் கட்டத்தில் இரு பக்கத்துப் பெருமார்புத் தசையும் அகன்ற முதுகுத் தசையும் மிகுதியாக உழைத்தன. ரொட்டேட்டர் கஃப் தசைகளில் சப்ஸ்கேப்புலாரிஸ் இவற்றுக்குத் துணை நின்றது.

மூன்றாவதாக, சுப்ராஸ்பைனேட்டஸும் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் கை தன் அசைவின் எல்லையை நெருங்கும் இடங்களில் முக்கியமாகச் செயல்பட்டன. மூட்டைக் காக்கும் காவலர் வேலை இது.

நான்காவதாக, 1989-இல் வெளியான ஆய்வில் தொழில்முறை ஆடவர், பெண்டிர் ஆகிய இரு சாராரின் தோள் தசைச் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவற்றிலிருந்து தெரிவது: தோளின் வெளித்தசையை மட்டும் பருக்க வைப்பதால் வீச்சு சிறப்பதில்லை. மார்பும் முதுகும் விசை தர, கண்ணுக்குத் தெரியாத சிறு தசைகள் மூட்டைக் காக்க, இரண்டும் காலம் தவறாமல் இணைவதே சிறந்த வீச்சு.

ஆற்றல் கடந்து செல்லும் வழி

கல்லில் துணி துவைப்பவரைக் கவனித்தால் இது எளிதில் விளங்கும். துணியைத் தலைக்கு மேல் தூக்கி அடிக்கும்போது, உடல் முதலில் அசைகிறது. பிறகு தோள், பிறகு கை. கை கீழே வந்து வேகம் குறையும் நேரத்தில் துணியின் நுனி பாய்ந்து சென்று கல்லில் அறைகிறது. முன்னே உள்ள பகுதி வேகம் தணியும்போது, அதன் ஆற்றல் அடுத்த பகுதிக்குச் செல்கிறது. சாட்டையிலும் இதுவே நடக்கிறது.

கோல்ஃப் வீச்சிலும் இடுப்பு, மார்பு, கைகள், மட்டை என்ற வரிசையில் ஒவ்வொன்றும் தன் உச்ச வேகத்தை அடைகிறது. அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் ஆகிய இருவரும் 1968-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வீச்சை இரட்டை ஊசலாக விளக்கினர. தோள்களின் நடுவே உள்ள ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு கைகள் ஓர் ஊசலாகவும், மணிக்கட்டில் மடங்கும் மட்டை இரண்டாவது ஊசலாகவும் இயங்குகின்றன என்பது அவர்களின் விளக்கம். மையம் மேலும் கீழும் அலைந்தால் ஊசலின் வட்டம் குலையும். தோள்களை உயர்த்தாமல், குனியாமல் திருப்ப வேண்டும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உச்சியிலிருந்து பந்து வரை மட்டை வருவதற்குக் கால் வினாடி அல்லது சற்றே கூடுதலாக ஆகிறது. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரமோ ஏறத்தாழ 0.0005 வினாடி. தொழில்முறை ஆட்டக்காரரின் மட்டைத்தலை மணிக்குச் சுமார் 180 கி.மீ. வேகத்தில், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால், தொடுநேரத்தில் அது கடக்கும் தொலைவு 2.5 செ.மீ.க்கும் குறைவு. பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படாது. அது வினாடிக்கு 70 மீட்டர் வேகத்தில் பறந்தால், அந்தச் சிறு நேரத்தில் அதன்மீது செயல்பட்ட சராசரி விசை 6,000 நியூட்டனுக்கு மேல் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பந்தைத் தொடும் கணத்தில் தோளால் கூட்டிக் கொடுக்க எதுவும் இல்லை. தவறை உணர்ந்து திருத்தவும் நேரம் இல்லை. உச்சியில் தோள் எப்படி இருந்தது, அங்கிருந்து எந்த வரிசையில் புறப்பட்டது என்பவையே பலனைத் தீர்மானிக்கின்றன.

தோளும் இடுப்பும்

பின்வீச்சின் உச்சியில் தோள்கள் ஏறத்தாழ 90 பாகையும் இடுப்பு ஏறத்தாழ 45 பாகையும் திரும்பியிருப்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் 1992-இல் எக்ஸ் காரணி என்ற பெயரில் பரப்பினார். மேலிருந்து பார்த்தால் தோள் கோடும் இடுப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டுவது இந்தப் பெயருக்குக் காரணம்.

இந்த வேறுபாடு உடலின் நடுத்தசைகளை ரப்பர் பட்டையைப் போல் இழுத்து வைக்கிறது. இழுபட்ட தசை உடனே சுருங்கும்போது கூடுதல் விசை தரும். ஆனால் வேறுபாட்டைக் கூட்டுவதற்காக இடுப்பை வலிந்து நிறுத்தினால் கீழ்முதுகு மிகுந்த சுமையைத் தாங்க நேரிடும். மார்பு முதுகெலும்பின் நெகிழ்வு குறைந்தவர்கள் இடுப்பையும் சேர்த்துத் திரும்ப விடுவதே நல்லது. பதினெட்டுப் பெரும் போட்டிகளை வென்ற ஜாக் நிக்லாஸ், பின்வீச்சில் இடது குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்தி இடுப்பு தாராளமாகத் திரும்ப இடம் கொடுத்தார்.

தோள்களைப் பயன்படுத்தும் முறை

நிற்கும் நிலை: இடுப்பு மூட்டிலிருந்து சற்று முன்சாய்ந்து, கைகளைத் தோளிலிருந்து தளர்வாகத் தொங்க விட வேண்டும். தோள்கள் காதை நோக்கி உயர்ந்திருக்கக் கூடாது. ஒரு முறை மூச்சை வெளியே விட்டால் தோள் தானாக இறங்கும். வலது கை பிடியில் கீழே இருப்பதால் வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது இயல்பு.

பின்வீச்சு: மட்டையைக் கைகளால் தூக்காமல், மார்பும் தோளும் கைகளும் ஒன்றாகத் திரும்பத் தொடங்க வேண்டும். தோள்கள் முதுகெலும்பைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதுகு முன்சாய்ந்திருப்பதால் இடது தோள் சற்றுக் கீழ்நோக்கியே வரும். 'முதுகை இலக்குக்குக் காட்டு' என்பது நினைவில் வைக்க எளிய குறிப்பு.

முன்வீச்சு: முதல் அசைவு கீழிருந்து வர வேண்டும். எடை இடது காலுக்கு மாறி, இடுப்பு திரும்பத் தொடங்கும் வரை வலது தோள் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் அது பந்தை நோக்கிக் கீழாக வரும். மேற்கைகள் மார்போடு ஒட்டிய உணர்வு இருந்தால், மார்பின் சுழற்சி கைகளுக்கு முழுமையாகச் சென்று சேரும்.

தொடர்வீச்சு: பந்தை அடித்தவுடன் நிறுத்தக் கூடாது. மார்பு இலக்கை நோக்கும் வரை தோள்கள் திரும்ப வேண்டும். திடீரென நிறுத்தினால் வேகம் முழுவதையும் ரொட்டேட்டர் கஃப் தசைகளே தாங்க வேண்டியிருக்கும்.

பசும்புல் தளத்தில் பட்டர் மட்டையால் பந்தை உருட்டும்போது முறை வேறு. அங்கே இடுப்பு அசையாமல், தோள்கள் மட்டும் ஊஞ்சல் போல் மெல்ல ஆட, கைகள் அவற்றோடு செல்ல வேண்டும்.

அடிக்கடி காணும் தவறுகள்

தோள் திரும்பாமல் கை மட்டும் உயர்தல்: இடது முழங்கை மடங்கி மட்டை உயரே போய்விடும். பார்ப்பதற்கு முழு வீச்சுப் போல் தோன்றினாலும் பெருந்தசைகள் இழுபடாததால் விசை இராது.

வலது தோள் முந்துதல்: முன்வீச்சின் தொடக்கத்திலேயே வலது தோள் பந்தின் பக்கம் தள்ளப்படுவதால், மட்டை வெளியிலிருந்து உள்நோக்கிப் பந்தை வெட்டுகிறது. அப்போது மட்டை முகம் அந்தப் பாதைக்குத் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளைந்து செல்லும். வலுவாக அடிக்க வேண்டும் என்ற ஆசையே இத்தவறின் வேர்.

இறுகிய பிடி: விரல்கள் மட்டையை இறுக்கினால் முன்னங்கையும் தோளும் சேர்ந்து இறுகும். தோளின் இறுக்கத்தைப் போக்கப் பிடியைத் தளர்த்திப் பார்ப்பது முதல் வழி.

காயங்கள்

கோல்ஃபில் ஓட்டமோ மோதலோ இல்லை என்பதால் காயம் வராது என்று எண்ணக் கூடாது. ஒரே அசைவைப் பலநூறு முறை செய்வதால் தேய்மானக் காயங்கள் உண்டாகின்றன. வலக்கை ஆட்டக்காரருக்குத் தோள் வலி பெரும்பாலும் இடது தோளில் வருகிறது. உச்சியில் இடது கை மார்பின் குறுக்கே இழுபடும்போது, காரை எலும்பும் தோள்பட்டை எலும்பும் சேரும் மேல் மூட்டு நெருக்கப்படுகிறது. மூட்டின் பின்புறமும் இழுபடுகிறது. ரொட்டேட்டர் கஃப் தசைகளின் நாண்கள் எலும்புக்கு இடையில் சிக்கி உரசுவதும், வயது ஏற ஏற அவை கிழிவதும் உண்டு.

கையை உயர்த்தும்போது வலி, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாமை, கையில் வலுவின்மை ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். சில நாள் ஓய்வுக்குப் பின்னும் இவை நீடித்தால் எலும்பு மூட்டு மருத்துவரை அணுக வேண்டும். வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடுவது சிறு உரசலைப் பெரிய கிழிசலாக்கிவிடலாம்.

பயிற்சிகள்

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடமாவது உடலைச் சூடாக்குவது நல்லது. விறைத்த தசையுடன் முதல் அடியிலேயே டிரைவர் மட்டையை முழு வேகத்தில் வீசுவது தவறு. குறு மட்டையில் அரை வீச்சாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும்.

கோல் பயிற்சி: ஒரு கோலை மார்பின் குறுக்கே வைத்துக் கைகளால் அணைத்து, ஆடும் நிலையில் நின்று இருபுறமும் திரும்புதல். தோள் திரும்புவதும் கை உயர்வதும் வெவ்வேறு என்பதை இது உணர்த்தும்.

துண்டுப் பயிற்சி: ஒரு துண்டை மார்பின் குறுக்கே போட்டு, அதன் இரு முனைகளையும் இரு அக்குளிலும் இடுக்கிக்கொண்டு, துண்டு விழாமல் அரை வீச்சு வீசுதல். கையும் மார்பும் சேர்ந்து செல்லப் பழக்கும். முழு வீச்சுக்கு இது பொருந்தாது.

ரப்பர் பட்டைப் பயிற்சி: முழங்கையை 90 பாகை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, பட்டையை வெளிப்புறமாகவும் பின்னர் உட்புறமாகவும் மெதுவாக இழுத்தல். குறைந்த எதிர்ப்பில் 10 முதல் 15 முறை போதும். ரொட்டேட்டர் கஃப் தசைகளுக்கு உரியது.

சுவர்ப் பயிற்சி: சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கை மடங்காமல், தோள்பட்டை எலும்புகளை முன்னும் பின்னும் நகர்த்துதல். செராட்டஸ் தசை வலுப்பெறும்.

பக்கவாட்டுத் திருப்பம்: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி வைத்து, மேலே உள்ள கையைப் புத்தகத்தின் அட்டையைத் திறப்பது போல் மறுபக்கம் கொண்டு செல்லுதல். மார்பு முதுகெலும்பின் நெகிழ்வைக் கூட்டும்.

அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இக்கடைசிப் பயிற்சி மிகவும் பயன்படும். நெகிழ்வு குறையும்போது 90 பாகைத் திருப்பத்தை வலிந்து அடைய முயல வேண்டியதில்லை. முக்கால் வீச்சில், தளர்ந்த தோளோடு, வரிசை தவறாமல் அடித்த பந்து, இறுகிய முழு வீச்சில் அடித்ததைவிடப் பல வேளைகளில் நேராகவும் தொலைவாகவும் செல்லும்.